நெருப்புக்கு இலக்கணம் கண்டவர்

மொழி முன்னே பிறக்கிறது. இலக்கணம் பின்னே வருகிறது. பேசுவோர் பல நூற்றாண்டுகள் பேசிய பிறகே, எழுத்து இது, சொல் இது, பொருள் இது என்று வரையறுப்பவர் தோன்றுகிறார். நெருப்பின் வரலாறும் அத்தகையதே. மனிதன் பல்லாயிரம் ஆண்டுகளாக நெருப்பை ஆண்டான். 1712ஆம் ஆண்டு முதல் நியூகோமனின் நீராவிப் பொறி இங்கிலாந்தின் சுரங்கங்களில் நீர் இறைத்தது. ஆயினும், வெப்பத்திலிருந்து இயக்கம் எவ்வாறு பிறக்கிறது, எவ்வளவு பிறக்கக்கூடும், அதற்கு எல்லை உண்டா என்னும் வினாக்களுக்கு விடை கூறும் நூல் ஒன்று 1824ஆம் ஆண்டில்தான் வெளிவந்தது. 118 பக்கங்களே கொண்ட அச்சிறு நூலைத் தம் சொந்தச் செலவில் பாரிஸ் நகரில் அச்சிட்டவர், அப்போதுதான் 28 வயது நிறைந்திருந்த ஒரு படை அதிகாரி. அவர் பெயர் ஸாதி கார்னோ.

இன்று பொறியியற் கல்லூரியில் சேரும் மாணவர் வெப்ப இயக்கவியல் பாடத்தைத் திறந்தவுடன் அமைப்பு, சூழல், எல்லை, நிலை, பண்பு, நிகழ்வு, சுற்று, மீள் நிகழ்வு என வரையறைகளை வரிசையாகச் சந்திக்கிறார். தேர்வுக்கு மனனம் செய்ய வேண்டிய வறண்ட தொடர்களாகவே அவை அவருக்குத் தோன்றக்கூடும். அவ்வரையறைகளுள் பலவற்றின் வேரில், 36 வயதில் மறைந்து, தம் நூல் மதிக்கப்பெறுவதைக் காணாமலேயே போன ஒரு மனிதரின் வாழ்க்கை புதைந்துள்ளது.

கவிஞரின் பெயர் தாங்கிய குழந்தை

நிக்கோலா லெயோனார் ஸாதி கார்னோ 1796ஆம் ஆண்டு ஜூன் முதல் நாள் பாரிஸில், லக்சம்பர்க் அரண்மனையைச் சார்ந்த சிறு மாளிகையில் பிறந்தார். தந்தை லாசார் கார்னோ கணித அறிஞர். கோட்டை கட்டும் கலையில் வல்லவர். பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் படைகளைத் திரட்டி ஒழுங்குபடுத்தியதால் வெற்றியின் அமைப்பாளர் என்று புகழப்பெற்றவர். மகன் பிறந்தபோது அவர் பிரான்சை ஆண்ட ஐவர் குழுவின் உறுப்பினராக இருந்தார்.

அரசியலும் கணிதமும் நிறைந்த அவ்வீட்டில் கவிதைக்கும் இடம் இருந்தது. லாசார் கவிதையில் ஈடுபாடு மிக்கவர். பாரசீகத்தின் ஷீராஸ் நகரில் 13ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஸாதி என்னும் பெருங்கவிஞரின் பெயரையே தம் மகனுக்குச் சூட்டினார். பொறியியல் மாணவர் உலகெங்கும் உச்சரிக்கும் ஒரு பெயரில் கீழைநாட்டுக் கவிஞர் ஒருவரின் நினைவு இவ்வாறு கலந்திருக்கிறது.

குழந்தைக்கு ஒன்றே கால் வயதானபோது ஆட்சிக் கவிழ்ப்பு நேர்ந்தது. 1797 செப்டம்பரில் லாசார் நாட்டை விட்டுத் தப்பியோட வேண்டியதாயிற்று. நெப்போலியன் அதிகாரத்துக்கு வந்தபின் திரும்பிய அவர், 1800ஆம் ஆண்டில் சில திங்கள் போர் அமைச்சராகப் பணியாற்றினார். அக்காலத்தில் நிகழ்ந்த ஒன்றைத் தம்பி இப்போலித் பதிவு செய்துள்ளார். நெப்போலியனின் மனைவியும் பிற பெண்களும் குளத்தில் படகோட்டிக்கொண்டிருந்தனர். நெப்போலியன் கரையில் நின்று, படகருகே கற்களை எறிந்து அவர்கள் மீது நீர் தெறிக்கச் செய்து விளையாடினார். இதனைக் கண்டு பொறுக்காத நான்கு வயதுச் சிறுவன் ஸாதி, ஐரோப்பாவே அஞ்சிய அத்தலைவரின் முன் சென்று நின்று, பெண்களைத் துன்புறுத்தக் கூடாதென்று அதட்டினான். நெப்போலியன் சிரித்துவிட்டார். அநீதியைக் கண்டவிடத்துச் சினந்தெழும் அவ்வியல்பு ஸாதியிடம் இறுதிவரை இருந்தது.

தந்தையும் வளைந்து கொடுக்கத் தெரியாதவர். நெப்போலியன் பேரரசராக முடிசூட முனைந்தபோது, அதனை எதிர்த்து வாக்களித்தார். பின்னர் அரசியலிலிருந்து விலகித் தம் மக்களுக்குத் தாமே ஆசிரியரானார். கணிதம், இயற்பியல், மொழிகள், இசை ஆகியவற்றில் ஸாதி தந்தையிடமே அடித்தளம் பெற்றார்.

தந்தையிடம் அவர் பெற்ற செல்வங்களுள் தலையாயது இயந்திரங்களைப் பொதுமையாக நோக்கும் பார்வை. லாசார் 1783ஆம் ஆண்டிலேயே இயந்திரங்கள் பற்றிப் பொதுநிலையில் ஒரு நூல் எழுதியிருந்தார். இந்த நெம்புகோல், அந்தக் கப்பி என்று தனித்தனியாகப் பாராமல், எல்லா இயந்திரங்களுக்கும் பொருந்தும் விதிகளை அவர் தேடினார். உறுப்புகள் திடீரென மோதிக்கொள்ளுமிடத்தில் இயக்கம் வீணாகிறது; மாற்றம் சிறிது சிறிதாக, மோதலின்றி நிகழுமாயின் இழப்பு மிகக் குறையும் என்று கண்டார். தந்தை இயந்திரங்களுக்குச் சொன்னதை மகன் பின்னாளில் வெப்பத்துக்குச் சொல்லவிருந்தார்.

கல்வியும் படைப்பணியும்

1812ஆம் ஆண்டு, 16 வயதில், ஸாதி புகழ்பெற்ற எக்கோல் பாலிடெக்னிக் கல்லூரியில் சேர்ந்தார். 1814 மார்ச் மாதம் நேசநாட்டுப் படைகள் பாரிஸை முற்றுகையிட்டபோது, நகரைக் காக்கப் போரிட்ட மாணவர்களுள் அவரும் ஒருவர். பின்னர் மெட்ஸ் நகரின் படைத்துறைப் பொறியியற் பள்ளியில் பயின்றார்.

1815இல் நெப்போலியன் மீண்டும் வந்து ஆண்ட நூறு நாட்களில் லாசார் உள்துறை அமைச்சரானார். வாட்டர்லூ தோல்விக்குப் பின் அவருக்கு மீண்டும் நாடுகடத்தல். முதலில் வார்சாவிலும் பிறகு ஜெர்மனியின் மக்டெபர்க் நகரிலும் வாழ்ந்து, 1823இல் அங்கேயே இறந்தார். தந்தை அமைச்சராயிருந்தபோது ஸாதிக்கு மதிப்பளித்தவர்கள், தந்தை நாடுகடத்தப்பட்டபின் பாராமுகமாயினர். கார்னோ என்னும் பெயரே அவருக்குச் சுமையாயிற்று. கோட்டை கோட்டையாக மாற்றப்பட்டு, மதில்களின் அளவெடுப்பதும் வரைபடம் தீட்டுவதுமாக அவர் நாட்கள் கழிந்தன.

1819இல் தேர்வெழுதிப் படைத் தலைமைப் பணியகத்தில் இடம் பெற்றார். உடனே விடுப்பும் பெற்று, அரைச் சம்பளத்தில் பாரிஸில் தங்கினார். பல்கலைக்கழகச் சொற்பொழிவுகளைக் கேட்டார். தொழிற்சாலைகளைச் சுற்றிப் பார்த்தார். கைத்தொழிற் கலைகளின் கூடத்தில் வேதியியல் கற்பித்த நிக்கோலா கிளேமானுடன் நட்புக்கொண்டார். தனிமை விரும்பி, பேச்சுக் குறைவு, வயலின் வாசிப்பார். பாஸ்கல், மோலியேர், லா ஃபோந்தேன் ஆகியோரின் நூல்களில் ஆழ்ந்து, பெரும்பகுதியை மனப்பாடமாக வைத்திருந்தார். தெளிவும் சுருக்கமும் கூடிய உரைநடை அவருக்கு வாய்த்ததில் இப்பயிற்சிக்குப் பங்கு உண்டு எனலாம்.

காலம் எழுப்பிய வினா

1821இல் ஸாதி மக்டெபர்க் சென்று தந்தையையும் தம்பியையும் கண்டார். அக்காலத்தில் கற்றோரிடையே பேச்செல்லாம் நீராவிப் பொறி பற்றியதே. ஜேம்ஸ் வாட் 1769இல் காப்புரிமை பெற்ற தனிக் குளிர்கலம் நிலக்கரிச் செலவைப் பெரிதும் குறைத்திருந்தது. கார்ன்வால் சுரங்கங்களில் ஆர்தர் உல்ஃப் அமைத்த உயரழுத்தப் பொறிகள் அதனினும் சிக்கனமாக இயங்கின. இங்கிலாந்தின் செல்வமும் வலிமையும் நிலக்கரியிலும் நீராவியிலும் நிற்பதைப் போரில் தோற்ற பிரான்ஸ் உணர்ந்தது.

பொறிகள் வளர்ந்தன, ஆனால் ஏன் வளர்ந்தன என்பது எவர்க்கும் விளங்கவில்லை. அழுத்தத்தைக் கூட்டினால் நன்மை என்றனர் சிலர். நீராவியை விடுத்துக் காற்றையோ சாராய ஆவியையோ பயன்படுத்தினால் ஒருவேளை மேலும் பயன் கிட்டுமோ என்றனர் வேறு சிலர். ஒவ்வொரு பொறியாளரும் தம் பட்டறிவைக் கொண்டு திருத்தினார். இத்திருத்தங்களுக்கு முடிவு உண்டா, இயற்கை ஓரிடத்தில் எல்லைக்கோடு கிழித்திருக்கிறதா, அக்கோடு பயன்படுத்தும் பொருளைப் பொறுத்து மாறுமா என்பதே ஸாதியின் வினா. பாரிஸ் திரும்பியபின் மூன்றாண்டு உழைப்பில் அவர் விடை கண்டார். நெருப்பின் இயக்குதிறன் குறித்த சிந்தனைகள் என்று தமிழில் சொல்லத்தக்க அந்நூல் 1824 ஜூன் மாதம் பஷெலியே பதிப்பகத்தின் வழியே வெளிவந்தது. அச்சிடப்பட்டவை 600 படிகள்.

கையெழுத்துப் படியின் பகுதிகளை அவர் தம்பியிடம் கொடுத்துப் படிக்கச் செய்தார். வேறு துறை பயின்றவர்க்கும் தம் எழுத்து விளங்குகிறதா என்று சோதிப்பதே நோக்கம். இப்போலித் அரசியலும் இலக்கியமும் விரும்பியவர். அவருக்கு விளங்காத இடங்கள் திருத்தப்பட்டன.

வரையறைகள் பிறந்த விதம்

நூலின் முதற்சிறப்பு அதன் அடக்கம். இயக்குதிறன் என்று தாம் சொல்வது என்ன என்பதை ஸாதி ஓர் அடிக்குறிப்பிலேயே வரையறுத்துவிடுகிறார். ஒரு பொறி தரக்கூடிய பயனை, ஓர் எடையை ஓர் உயரத்துக்குத் தூக்கும் செயலாக எப்போதும் மாற்றிக் காணலாம். எடையை உயரத்தால் பெருக்கிவரும் தொகையே அளவு. இன்று வேலை என்று பாடநூல் குறிப்பது இதனையே. தமிழிலக்கண மரபு நூற்குற்றங்களாகச் சொல்லும் குன்றக் கூறலும் மிகைபடக் கூறலும் இல்லாத வரையறை அது.

அடுத்து ஓர் உவமை. அருவி நீர் உயரத்திலிருந்து தாழ்வுக்கு விழும்போது சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதன் வலிமை நீரின் அளவையும் விழும் உயரத்தையும் பொறுத்தது. நீர் எவ்வளவு மிகுதியாயினும் சமதளத்தில் தேங்கிக் கிடக்குமாயின் சக்கரம் சுழலாது. வெப்பமும் அவ்வாறே என்றார் ஸாதி. சூடான கொதிகலத்திலிருந்து குளிர்ந்த கலத்துக்கு அது இறங்கும்போதுதான் இயக்கம் பிறக்கிறது. வெப்பம் மட்டும் இருந்தால் போதாது. வெப்பநிலை வேறுபாடும் வேண்டும். வெப்ப மூலம் ஒன்று, வெப்ப ஏற்பி ஒன்று, இடையே செயல்படு பொருள் ஒன்று என மூன்று உறுப்புகள் கொண்ட அமைப்பாக எந்தப் பொறியையும் காணலாம். ஆயிரம் பற்சக்கரங்களும் திறப்பான்களும் கொண்ட இயந்திரம் இந்நோக்கில் மூன்று சொற்களுக்குள் அடங்கிவிட்டது.

மூன்றாவதாக, சுற்று என்னும் கருத்து. அதுவரை பொறியாளர்கள், ஆவி விரிந்து உந்துதண்டைத் தள்ளும் பகுதியை மட்டுமே கணக்கிட்டனர். அது பாதிக் கணக்கு என்பதை ஸாதி கண்டார். விரிந்த காற்று இப்போது தொடக்கத்தில் இருந்த நிலையில் இல்லை. பிறந்த வேலைக்கு வெப்பம் காரணமா, பொருளின் நிலைமாற்றம் காரணமா என்று பிரித்துச் சொல்ல இயலாது. எனவே, பொருளைப் பல மாற்றங்களின் வழியே நடத்தி, இறுதியில் தொடங்கிய நிலைக்கே கொண்டுவர வேண்டும். அழுத்தம், பருமன், வெப்பநிலை ஆகிய பண்புகள் பழைய அளவுக்குத் திரும்பிவிட்டால், பொருள் தன்னிடம் எதனையும் தேக்கி வைத்திருக்கவில்லை என்பது உறுதி. வந்த வெப்பமும் வெளிப்பட்ட வேலையுமே கணக்கில் எஞ்சும். ஒரு பொருளின் நிலை அதன் இப்போதைய பண்புகளால் அமைவது, எவ்வழியே அந்நிலையை அடைந்தது என்பதால் அமைவதன்று என்னும் இன்றைய வரையறையின் உயிர் இங்கே உள்ளது.

நான்காவது, மீள் நிகழ்வு. உந்துதண்டு பொருத்திய உருளையில் காற்று அடைபட்டிருப்பதாக ஸாதி கற்பனை செய்தார். சூடான பொருளைத் தொட்டவாறு, அதன் வெப்பநிலையிலேயே காற்று மெல்ல விரிகிறது. பின் தொடர்பு துண்டிக்கப்பட, வெப்பம் வருவதும் போவதுமின்றி மேலும் விரிந்து குளிர்கிறது. மூன்றாவதாக, குளிர்ந்த பொருளைத் தொட்டு அதே வெப்பநிலையில் சுருங்குகிறது. நான்காவதாக, மீண்டும் தனித்துச் சுருங்கித் தொடக்க வெப்பநிலையை எய்துகிறது. எவ்விடத்தும் சூடான பொருள் தன்னினும் குளிர்ந்த பொருளை நேரே தொடுவதில்லை. தொட்டால் அருவி நீர் சக்கரத்தின் மேல் விழாமல் அருகே வீழ்ந்து வீணாவது போன்ற இழப்பு உண்டாகும். ஒவ்வோர் அடியும் சமநிலைக்கு மிக அருகில் நடப்பதால், அம்மாற்றங்களை அப்படியே பின்னோக்கியும் நடத்தலாம். அவ்வாறு நடத்தினால், வேலையைப் பெற்றுக்கொண்டு குளிர்ந்த இடத்திலிருந்து சூடான இடத்துக்கு வெப்பம் ஏற்றப்படும். இன்று வீடுதோறும் இயங்கும் குளிர்பதனப் பெட்டியின் தத்துவம் இதுவே.

இதிலிருந்து அவர் பெற்ற முடிவு வியப்புக்குரியது. மீள்பொறியினும் சிறந்த பொறி ஒன்று உண்டென்று கொள்வோம். அது தரும் வேலையின் ஒரு பகுதியால் மீள்பொறியைப் பின்னோக்கி இயக்கி, இறங்கிய வெப்பம் அனைத்தையும் மேலே ஏற்றிவிடலாம். எஞ்சிய வேலை ஒன்றுமில்லாததிலிருந்து பிறந்ததாகும். இன்மையிலிருந்து இயக்கம் பிறக்காது. ஆகவே மீள்பொறியை எதுவும் விஞ்ச முடியாது. செயல்படு பொருள் நீராவியாயினும் காற்றாயினும் சாராயமாயினும் உச்ச அளவு ஒன்றே. அதனை முடிவு செய்வன இரு கலங்களின் வெப்பநிலைகள் மட்டுமே. பிற்காலத்தார் அமைத்த தனிவெப்பநிலை அளவில் சொல்வதாயின், மூலம் 400 கெல்வினும் ஏற்பி 300 கெல்வினும் ஆகுமிடத்து, எத்துணைத் திறமையான பொறியும் பெற்ற வெப்பத்தில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் வேலையாக மாற்ற இயலாது.

இவ்வெல்லையை வகுத்தவர் அதனைக் கட்டளையாக்கவில்லை. நூலின் முடிவில், எரிபொருட் சிக்கனம் பொறி ஒன்றின் பல தேவைகளுள் ஒன்றே என்றும், பாதுகாப்பு, உறுதி, நெடுநாள் உழைத்தல், இடச்சுருக்கம், ஆக்கும் செலவு ஆகியவற்றையும் சீர்தூக்க வேண்டும் என்றும் எழுதினார்.

பிழையான சொல்லும் பிழையாத கருத்தும்

இத்தகைய நூலின் அடித்தளத்தில் ஒரு பிழை இருந்தது. அக்காலத்து அறிஞர் பலரும் வெப்பத்தைக் கலோரிக் என்னும் எடையற்ற பாய்மமாகக் கருதினர். லவாய்சியே 1789இல் வெளியிட்ட தனிமங்களின் பட்டியலில் அதற்கும் இடம் தந்திருந்தார். அழியாப் பொருளாகிய அது ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குச் செல்லுமேயன்றிக் குறையாது என்பது கொள்கை. ஸாதியும் அதனையே ஏற்று, வெப்பம், கலோரிக் என்னும் இரு சொற்களையும் ஒரு பொருளிலேயே ஆண்டார். அருவி நீர் சக்கரத்தைச் சுழற்றியபின்னும் அளவில் குறையாதது போல், கொதிகலத்திலிருந்து இறங்கும் வெப்பம் முழுவதும் குளிர்கலத்தை அடைகிறது என்றே அவர் உவமை கூறியது.

உண்மை அதுவன்று. வெப்பத்தின் ஒரு பகுதி வேலையாகவே மாறிவிடுகிறது. எஞ்சியதே குளிர்கலத்தை அடைகிறது. இதனை ஸாதியே பின்னர் உணர்ந்தார். நூல் வெளியான பிறகு அவர் எழுதிவைத்த குறிப்புகளில், வெப்பம் என்பது பொருளின் நுண்துகள்களுடைய இயக்கமே என்றும், இயக்குதிறன் பிறக்குமிடத்தில் அதற்கு ஈடான வெப்பம் அழிகிறது என்றும் தெளிவாக எழுதினார். ஓர் அளவும் கணித்தார். ஒரு கிலோகலோரி வெப்பத்துக்கு ஈடான வேலை ஏறத்தாழ 370 கிலோகிராம் மீட்டர் என்பது அக்கணக்கு. இன்றைய அளவு ஏறத்தாழ 427. நீரைக் கலக்கி அதனால் எழும் வெப்பத்தை அளக்கும் சோதனையையும் அவர் திட்டமிட்டார். மாயர் 1842இலும் ஜூல் 1843 முதலும் நாட்டிய உண்மையை ஸாதி முன்னரே எட்டியிருந்தார். ஆனால் அக்குறிப்புகளை வெளியிடவில்லை.

தம் நூலின் ஆணிவேரையே அசைக்கும் உண்மையைத் தாமே கண்டுபிடித்தவரின் நிலை எளிதன்று. வெப்பம் அழியுமாயின் அருவி உவமை என்னாகும்? வெப்பநிலை வேறுபாடு ஏன் வேண்டும்? இவ்வினாக்களை அவர் தமக்குத் தாமே எழுப்பிக்கொண்டார் என்பதைக் குறிப்புகள் காட்டுகின்றன. இரண்டையும் இணைக்கும் வழியைக் காண அவருக்குக் காலம் கிடைக்கவில்லை.

மறதியும் மரணமும்

நூல் வெளிவந்தவுடன் பொறியாளர் பியேர் சிமோன் ஜிரார் அறிவியற் கழகத்தில் அதனைப் பாராட்டி அறிமுகம் செய்தார். அதன் பின் அமைதி. கணித அறிஞர்கள் அதனைப் பொறியாளர் நூலென்று கருதினர். பொறியாளர்களோ அதனைத் தம் பட்டறைக்கு உதவாத தத்துவமென்று கருதினர்.

1827இல் ஸாதி மீண்டும் படைப்பணிக்கு அழைக்கப்பட்டு, படைத்தலைவர் பட்டத்துடன் லியோன், ஓசோன் நகரங்களில் பணியாற்றினார். அடுத்த ஆண்டே பணி துறந்து பாரிஸ் திரும்பினார். 1830ஆம் ஆண்டின் ஜூலைப் புரட்சியை மகிழ்ந்து வரவேற்றார். எனினும் பதவி எதனையும் நாடவில்லை. 1831இல் வாயுக்களின் பண்புகளை ஆராயத் தொடங்கினார்.

1832 ஜூன் மாதம் செங்காய்ச்சல் அவரைப் பற்றியது. அதனைத் தொடர்ந்து மூளைக் காய்ச்சலும் மனக் குழப்பமும். பாரிஸை அடுத்த இவ்ரியில் எஸ்கிரோல் என்னும் மருத்துவரின் மனநோய் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். அவ்வாண்டு பாரிஸில் 18,000க்கும் மேற்பட்டோரைக் கொன்ற வாந்திபேதி அங்கும் வந்தது. ஆகஸ்ட் 24ஆம் நாள், நோய் கண்ட சில மணி நேரத்தில் அவர் உயிர் பிரிந்தது. கொள்ளைநோயில் இறந்தவரின் உடைமைகளை எரித்துவிடுவது அக்கால வழக்கம். அவருடைய தாள்களில் பெரும்பகுதி அழிந்தது. தம்பி காத்த சில குறிப்புகளே எஞ்சின.

நூலின் மறுபிறப்பு

இரண்டாண்டுகள் கழித்து, ஸாதி பயின்ற கல்லூரியிலேயே பின்னர்ப் பயின்ற எமீல் கிளாபேரோன் அந்நூலின் கருத்தை மீட்டெடுத்தார். அழுத்தத்தை ஓர் அச்சிலும் பருமனை மற்றோர் அச்சிலும் குறித்து, ஸாதியின் நான்கு மாற்றங்களையும் நான்கு வளைகோடுகளாக வரைந்தார். இன்று பாடநூல்களில் கார்னோ சுற்று என்று காணப்படும் படம் 1834ஆம் ஆண்டில் அவர் வரைந்ததன் வழிவந்ததே.

கிளாபேரோனின் கட்டுரை வாயிலாக ஸாதியை அறிந்தவர் வில்லியம் தாம்சன். பின்னாளில் கெல்வின் பிரபு என்று பெயர் பெற்றவர். 1845இல் பாரிஸில் தங்கியிருந்த அவ்விளைஞர் அந்நூலைத் தேடிப் புத்தகக் கடைகளெல்லாம் ஏறி இறங்கினார். கடைக்காரர்கள் இப்போலித் கார்னோவின் சமூக நூல்களை எடுத்துக் காட்டினரேயன்றி, ஸாதி என்னும் பெயரை அறிந்தாரில்லை. மூன்றாண்டுகளுக்குப் பின்னரே கிளாஸ்கோவில் லூயிஸ் கார்டன் என்னும் பொறியியற் பேராசிரியர் அவருக்கு ஒரு படி தந்தார். அதற்குள், 1848இல், எந்தப் பொருளின் தனித்தன்மையையும் சாராத தனிவெப்பநிலை அளவையை ஸாதியின் கொள்கையைக் கொண்டே தாம்சன் வகுத்துவிட்டார்.

அவர் தமையன் ஜேம்ஸ் தாம்சன் 1849இல் அக்கொள்கையிலிருந்து ஒரு முன்கணிப்பைப் பெற்றார். நீர் உறையும்போது விரிகிறது. விரிந்து எடையைத் தூக்கும். வெப்பநிலை வேறுபாடின்றி அவ்வாறு வேலை பிறக்குமாயின் ஸாதியின் விதி பொய்க்கும். பொய்க்காதெனின், அழுத்தம் கூடும்போது பனிக்கட்டி உருகும் வெப்பநிலை சிறிது தாழ்ந்தாக வேண்டும். மறுஆண்டு வில்லியம் அளந்து பார்த்தபோது அவ்வாறே இருந்தது.

ஆயினும் முரண்பாடு தீரவில்லை. வெப்பம் அழிவதில்லை என்றது ஸாதியின் நூல். வேலையாக மாறுமிடத்து அழிகிறது என்றன ஜூலின் சோதனைகள். இரண்டில் ஒன்றைக் கைவிட வேண்டுமென்றே பலரும் எண்ணினர். 1850இல் ஜெர்மானிய அறிஞர் ருடால்ஃப் கிளாசியஸ் முடிச்சை அவிழ்த்தார். ஸாதியின் முடிவுக்குக் கலோரிக் கொள்கை தேவையே இல்லை என்று அவர் காட்டினார். வேலை செய்யும் பொறியில் வெப்பத்தின் ஒரு பகுதி வேலையாகிறது. இன்னொரு பகுதி சூட்டிலிருந்து குளிருக்கு இறங்குகிறது. இரண்டும் சேர்ந்தே நிகழ்கின்றன. மீள்பொறியை விஞ்சும் பொறி இருக்குமாயின், குளிர்ந்த பொருளிலிருந்து சூடான பொருளுக்கு வெப்பம் வேறு ஈடின்றித் தானே ஏறுவதாக முடியும். இயற்கை அதனை ஒப்பாது. நிறுவும் முறை மாறியது, நிறுவப்பட்டது மாறவில்லை. வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதி இவ்வாறு உருப்பெற்றது. 1851இல் தாம்சனும் தம் வழியில் அதே இடத்தை அடைந்தார்.

கிளாசியஸ் சொல்லாக்கத்திலும் கருத்துடையவர். மீள் சுற்றில் பரிமாறப்படும் வெப்பத்தை அவ்வவ்விடத்து வெப்பநிலையால் வகுத்துக் கூட்டினால் மிஞ்சுவது சுழியே என்று அவர் கண்டார். அப்படியாயின் அது பொருளின் நிலையைச் சார்ந்த ஒரு பண்பாகும். பெயரில்லாத அப்பண்புக்கு 1865இல், மாற்றம் எனப் பொருள்படும் கிரேக்க வேர்ச்சொல்லிலிருந்து என்ட்ரோபி என்னும் சொல்லை அமைத்தார். எனர்ஜி என்னும் சொல்லோடு ஒலியில் இணைந்து நிற்கவேண்டும் என்பதற்காகவே அவ்வடிவத்தைத் தேர்ந்தார். மீள் சுற்றில் அழியாமல் மூலத்திலிருந்து ஏற்பிக்கு இறங்கும் ஒன்றை ஸாதி தேடினார். அப்படி ஒன்று உண்மையிலேயே இருந்தது. அதன் பெயர் வெப்பம் அன்று, என்ட்ரோபி. பொருளை நெருங்கிச் சென்றவருக்குச் சொல் கிடைக்கவில்லை என்றே கூறவேண்டும்.

1878ஆம் ஆண்டு முதியவரான இப்போலித், தமையனின் நூலை மறுபதிப்பாக வெளியிட்டு, வாழ்க்கைக் குறிப்பையும், தாம் காத்துவந்த கையெழுத்துக் குறிப்புகளின் பகுதிகளையும் சேர்த்தார். ஸாதி மறைந்து 46 ஆண்டுகள் கழிந்திருந்தன. கலோரிக் கொள்கையைக் கைவிட்டு ஆற்றலின் அழியாமையை அவர் எட்டியிருந்தார் என்பதை உலகம் அப்போதுதான் அறிந்தது. பெரியப்பாவின் பெயரைத் தாங்கிய இப்போலித்தின் மகன் 1887இல் பிரான்சின் குடியரசுத் தலைவரானார்.

நிலைத்த இலக்கணம்

ருடால்ஃப் டீசல் 1893இல் தம் பொறிக்கான கொள்கையை வெளியிட்டபோது, ஸாதியின் சுற்றை இயன்றவரை நெருங்குவதையே குறிக்கோளாகக் கொண்டார். அனல்மின் நிலையமாயினும் அணுமின் நிலையமாயினும், அதன் பயனுறுதிறனை மதிப்பிடும் பொறியாளர் முதலில் எழுதிக்கொள்வது ஸாதி வகுத்த எல்லையையே. அந்த எல்லையை இதுவரை எந்தப் பொறியும் கடக்கவில்லை.

ஸாதி கார்னோ இயந்திரம் எதனையும் ஆக்கவில்லை. பட்டங்களும் பாராட்டுகளும் பெறவில்லை. தாம் பயன்படுத்திய தலைமைச் சொல்லே பிழையானது. ஆயினும், எதை அளக்க வேண்டும், எங்கே தொடங்கி எங்கே முடிக்க வேண்டும், எதனை எதனோடு ஒப்பிட வேண்டும் என்பனவற்றை அவர் ஐயமற வரையறுத்திருந்தார். அதனால், கலோரிக் என்னும் சொல் உதிர்ந்த பின்னும் நூல் உதிரவில்லை. சொல்லின் பிழையைக் காலம் திருத்திக்கொண்டது. கருத்தின் ஒழுங்கைத் திருத்த வேண்டிய தேவை எழவில்லை. சொல்லையும் பொருளையும் நிறுத்துப் பார்த்து எழுதும் எவர்க்கும், இவ்ரியின் பழைய கல்லறைத் தோட்டத்தில் துயிலும் அம்மனிதர் உறவினரே ஆவார்.